நாணும் கூச்சமும்

சில ஆண்டுகட்கு முன், தில்லியில் நம் குடியிருப்புத் தமிழர்கள் ஒன்றுகூடிக் கொண்டாடிய பொங்கல் விழாவில், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி திருக்குறள் ஒப்பிக்க மேடையேறினாள். நம் இல்லத்துக் குழந்தைதான். பத்துக் குறளும் அவளுக்கு மனப்பாடம். முந்தைய இரவு அடுக்களை வாயிலில் நின்று ஒரு சீர் பிறழாமல் சொல்லிக் காட்டியவள். ஆயினும் ஒலிபெருக்கியின் முன் நின்றதும் வாய் திறக்கவில்லை. பாவாடையின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, விழாக் குழுவினர் அவளைக் கைபிடித்து இறக்கிவிட்டனர்.

அப்போது நம் காதில் மூன்று சொற்கள் விழுந்தன. "அவளுக்குக் கூச்சம் அதிகம்" என்றாள் தாய். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையார் பரிவோடு, "பிட்டியா ஷர்மா கயீ" என்றார். முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "பெண் குழந்தைக்கு நாணம் அழகுதானே, விடுங்கள்" என்று தீர்ப்பளித்தார். அவள் ஒப்பிக்க வந்த அதிகாரம் நாணுடைமை என்பதை அவர் அறிந்திருந்தாரா என்பது நமக்குத் தெரியாது.

மூவரும் ஒன்றையேதான் சொன்னார்களா? அன்றிரவு வீடு திரும்பியபின் நம்மை உறங்கவிடாத வினா இது. சொல் வேறுபட்டால் பொருளும் வேறுபடும். பொருள் வேறுபட்டால் அக்குழந்தையை நாம் நடத்தும் முறையும் வேறுபட வேண்டும். ஆகவே இச்சொற்களின் பழமையைச் சிறிது துருவிப் பார்ப்போம்.

கூச்சம் என்பது கூசு என்னும் வினையடியாகப் பிறந்தது. அது முதலாவதாக உடம்பின் சொல். இருட்டறையிலிருந்து வெயிலுக்கு வந்தால் கண் கூசுகிறது. புளியங்காயைக் கடித்தால் பல் கூசுகிறது. உள்ளங்காலில் பிறர் விரல் பட்டால் உடம்பே கூசுகிறது. புறத்தேயுள்ள ஒன்று அளவுக்கு மீறி வந்து தாக்க, உடம்பு தானாகவே பின்வாங்குதல்தான் இம்மூன்றிலும் நிகழ்வது. இதில் கண்ணின் குற்றமும் இல்லை, பல்லின் குற்றமும் இல்லை. அவையோரின் பார்வை ஒரு குழந்தையின்மீது உச்சி வெயிலைப்போல் விழ, அவள் உள்ளம் இமை மூடிக்கொள்வதையே கூச்சம் என்கிறோம். தாய் சொன்ன சொல் பொருத்தமான சொல்.

தயக்கம் என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. சங்கப் பாடல்களில் தயங்குதல் என்றால் அசைதல், அசைந்து ஒளிர்தல். கடலின் அலை தயங்கும். இரு பக்கமும் அசைகின்ற அலையையும் மணியையும் குறித்த சொல், பின்னர் செய்யலாமா வேண்டாமா என்று இரு பக்கமும் அசைகின்ற மனத்தைக் குறிப்பதாயிற்று. வெட்கம் என்பது வெள்குதல் என்னும் பழைய வினையின் வழிவந்தது.

வடக்கே வாழும் நமக்குச் சங்கோசம் என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. "சங்கோச் மத் கீஜியே" என்று சொல்லித் தட்டை நம் பக்கம் நகர்த்தாத இந்திக்காரர் வீடு உண்டா? சுருங்குதல் என்பதே அவ்வடசொல்லின் அடிப்பொருள். கூசிய உடம்பு சுருங்குமாதலால், இரு மொழியும் ஒரே உடற்குறிப்பைக் கண்டு பெயரிட்டிருக்கின்றன எனலாம். தென்னமெரிக்க வெப்ப நிலங்களிலிருந்து கடல் கடந்து வந்த ஒரு சிறு முட்செடிக்கு நாம் தொட்டாற்சுருங்கி என்று பெயர் வைத்தோம். இந்தியார் அதனை லாஜ்வந்தி என்றும் சூயீமூயீ என்றும் அழைக்க, வங்காளியர் லஜ்ஜாவதி என்றனர். வந்தேறிய செடிக்கு ஊர்தோறும் கூச்சப் பெயரே கிடைத்ததை, வந்தேறிய குடிகளாகிய நாம் சற்று நின்று பார்க்கலாம்.

உருது வழங்கும் இல்லங்களில் தகல்லுஃப் என்றொரு சொல்லும் உண்டு. தன்மேல் சிரமத்தை ஏற்றிக்கொள்ளுதல் என்பது அவ்வரபுச் சொல்லின் பொருள். லக்னோ நகரத்துப் பெரியோர் இருவர் "பஹலே ஆப், பஹலே ஆப்" என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டு ரயிலைத் தவறவிட்ட கதையை நம் குழந்தைகளும் அறிவர். அது கூச்சமன்று, பழகிப் பெற்ற ஒரு மரியாதைக் கலை. நம் வீடுகளிலும் விருந்தினர் இருமுறை "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மூன்றாம் முறைதானே இலையில் இடவிடுகிறார்கள்?

இனி நாணுக்கு வருவோம்.

மேற்கூறிய சொற்களெல்லாம் புறத்தேயிருந்து வரும் தாக்குதலுக்கு உடம்போ உள்ளமோ சுருங்குவதைக் குறிப்பன. நாண் அத்தகையது அன்று. யாரும் பாராதபோதும் அது வரும். பிறர் குறை கூறாதபோதும் வரும். அது வரும் இடம் யாது என்பதைப் புறநானூற்றிலிருந்து இரு நிகழ்ச்சிகளால் காணலாம்.

வெண்ணிப் போர்க்களம் தமிழர் வரலாற்றில் புகழ்பெற்றது. நீடாமங்கலத்துக்கு அருகில் இன்று கோயில்வெண்ணி என வழங்கும் ஊர் அது. அங்கே கரிகாற் சோழனும் சேரமான் பெருஞ்சேரலாதனும் பொருதனர். சோழன் எறிந்த படைக்கலத்தால் சேரன் முதுகில் புண்பட்டது. அவன் புறமுதுகிட்டான் என்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் முதுகில் ஒரு வடு இருப்பதே அவனுக்குப் பொறுக்கவில்லை. வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தான். அவனைக் கழாத்தலையார் பாடியதைக் கண்டு நாம் வியப்பதற்கில்லை. வெண்ணிக்குயத்தியார் பாடியதுதான் வியப்பு. அவ்வூர்ப் பெண்பாற் புலவராகிய அவர், வெற்றிபெற்ற கரிகாலனையே முன்னிறுத்தி, வென்றவன் நீ, ஆயினும் வடக்கிருந்த அவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்று கேட்டுவிட்டார். இவ்விரு பாடல்களிலும் சேரனின் செயலுக்குச் சொல்லப்படும் வினை நாணுதல் என்பதே. போர்வீரன் ஒருவனுடைய, அதுவும் முடிவேந்தன் ஒருவனுடைய பண்பாக நாண் இங்கே நிற்கிறது. பெண்மைக்கே உரியதென்று அதனை ஒதுக்குவோர் இப்பாடல்களை ஒருமுறை திறந்து பார்த்தல் நன்று.

மற்றொரு நிகழ்ச்சி அத்துணைப் பெரியதன்று. நமக்கு அதுவே மிகவும் பிடித்தது. சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானும் புலவர் தாமப்பல் கண்ணனாரும் வட்டாடிக்கொண்டிருந்தனர். ஆட்டத்தில் புலவர் காயைக் கையில் ஒளித்துவிட்டார். கண்டுகொண்ட இளவரசன் வெகுண்டு வட்டை எடுத்து அவர்மேல் எறிந்தான். எறிபட்ட புலவர், நீ சோழன் மகனே அல்லை என்றார். இதைக் கேட்ட இளவரசன் வாளை உருவவில்லை, காவலரைக் கூவவில்லை, நாணித் தலைகவிழ்ந்து இருந்தான். அதைக் கண்ட பிறகே புலவருக்குத் தம் பிழை உறைத்தது. பிழை செய்தவன் யான், நோக வேண்டியவன் நீ, நீயோ உன்னிடமே பிழை நேர்ந்ததுபோல் மிக நாணினாய் என்று அவர் பாடினார். காவிரி கொழித்த மணலினும் பலவாக நின் வாழ்நாள் பெருகுக என்று வாழ்த்தவும் செய்தார்.

இந்த ஆட்டக் களத்தில் இருவரும் தவறு செய்தவர்களே. எனினும் யாருடைய தவறு பெரிது என்று அவர்கள் வழக்காடவில்லை. வலிமை மிக்கவன் முதலில் நாணினான். அந்த நாண் எளியவனின் நாவை அடைக்கவில்லை, திறந்துவிட்டது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்; இக்கட்டுரையின் இறுதியில் நமக்கு இது வேண்டியிருக்கும்.

காதலைப் பாடும் அகப் பாடல்களிலும் நாண் இருபாலார்க்கும் உரியதாகவே வருகிறது. குறுந்தொகையில் வெள்ளிவீதியார் என்னும் புலவர் பெருமாட்டி தம் நாணை, நெடுநாள் உடனிருந்து துன்புற்ற தோழியைப்போல் எண்ணி இரங்குகிறார். கரும்பு வயலுக்கு இட்ட சிறு மணற்கரை, பெருகிவரும் இனிய நீர் நெருக்க நெருக்கத் தாங்கும் மட்டும் தாங்கிப் பின் கரைந்து போகிறது. அதுபோல் காமம் நெருக்கும்போது என் நாணும் தாங்கும் மட்டும் தாங்கும், அதன்பின் நில்லாது என்கிறார். காவிரிக்கரை வாய்க்காலில் மடை உடைந்ததைப் பார்த்தவர்களுக்கு இவ்வுவமையின் அருமை விளங்கும். அரண் என்று கொண்டாடாமல், அழகு என்று புகழாமல், பாவம் என்று இரங்குவது எத்துணை உண்மையான பேச்சு!

ஆடவனும் நாணை இழக்கிறான். காதலி கிட்டாதபோது பனைமடலால் செய்த குதிரையின்மேல் ஏறி, எருக்கம்பூச் சூடி, ஊர்த்தெருவில் வருவதே மடலேறுதல். நாணுள்ளவன் செய்யத் துணியாத செயல் அது. திருக்குறளின் நாணுத்துறவுரைத்தல் அதிகாரத்துத் தலைவன், நாணும் நல்லாண்மையும் முன்பு என்னிடம் இருந்தன, இன்று என்னிடம் இருப்பதோ மடல் என்று கூறுகின்றான். நாணை ஆண்மையோடு அவன் சேர்த்தே எண்ணுவதைக் கவனிக்க வேண்டும். பெண்கள் மடலேறுதல் இல்லை என்பது தொல்காப்பிய விதி. பல நூற்றாண்டுகள் கழித்துத் திருமங்கையாழ்வார் தம்மைப் பெண்ணாகப் பாவித்துப் பெரிய திருமடல் பாடியபோது, பெண்கள் மடலூரார் என்பது தென்னாட்டுப் பேச்சு, யாம் அதனை ஏற்கவில்லை, வடவர் நெறியையே வேண்டினோம் என்று துணிந்து கூறிவிட்டார். தெற்கத்திய விதியை மீறுவதற்கு வடக்கைச் சாக்குச் சொல்லும் வழக்கத்தை நம் பிள்ளைகள்தாம் கண்டுபிடித்தார்கள் என்று எண்ண வேண்டாம்.

அப்படியாயின் நாண் எவ்வாறு பெண்ணின் அணிகலமாகச் சுருங்கிற்று? அதற்கும் விதை பழைய நூல்களிலேயே உண்டு. தொல்காப்பியக் களவியல் அச்சம், நாண், மடம் ஆகிய மூன்றையும் பெண்ணுக்கு உரியன என வகுத்தது. பிற்காலத்தார் பயிர்ப்பு என்னும் நான்காவதையும் சேர்த்துக்கொண்டனர். ஆனால் அதே நூலின் மெய்ப்பாட்டியலில் நாணுதல் ஆண், பெண் என்ற பிரிவின்றி எல்லார்க்கும் பொதுவான குறிப்புகளுள் ஒன்றாகவும் எண்ணப்பட்டிருக்கிறது. பின்வந்தோர் முன்னதைக் கைக்கொண்டு பின்னதை மறந்தனர்.

இவ்விரண்டும் வேறு வேறு என்பதைத் தெளிவாக உணர்ந்தவர் திருவள்ளுவர். நாணுடைமை என்பது திருக்குறளின் 102ஆம் அதிகாரம். அது காமத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், நற்குடிப் பிறந்தாரின் பண்புகளைக் கூறும் குடியியலில் இருக்கிறது. அதன் முதற் குறளே வேலி போடுகிறது. தகாத செயல் காரணமாக நாணுவதே நாண், அழகிய நெற்றியையுடைய மகளிரின் நாண் வேறு என்று பிரித்துவிட்டுத்தான் அவர் மேலே பேசுகிறார். உரையாசிரியர் பரிமேலழகர் இவ்வேறுபாட்டை மேலும் விளக்கி, மகளிர் நாண் மனமொழிமெய்களின் ஒடுக்கத்தால் வருவது என்கிறார். ஒடுக்கம் என்பது சுருக்கமேயன்றோ? அஃதாவது, சங்கோசமும் கூச்சமும் இருக்கும் பக்கத்தில் ஒன்றை வைத்துவிட்டு, தன் செயலைத் தானே எடைபோடும் மற்றொன்றைத் தனியே எடுத்துக்கொள்கிறார்கள். பரிமேலழகர் காட்டிய இந்தப் பிரிவினையைப் போன்று பயனுள்ள ஒன்றை நாம் வேறெங்கும் கண்டதில்லை. ஒடுக்கத்தை மகளிர்க்கே உரியதாக்கியதில் மட்டும் அவரோடு நமக்கு உடன்பாடில்லை. மேடையில் நடுங்கும் ஆண்பிள்ளைகளை அவர் பார்த்திருக்க மாட்டார் போலும்.

திருவள்ளுவர் நாணுக்குக் கொடுத்த இடங்களைத் தொகுத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. சான்றாண்மை என்னும் மாளிகையைத் தாங்கும் ஐந்து தூண்களுள் நாண் ஒன்று. அன்பும் வாய்மையும் மற்றவற்றுள் இரண்டு. ஓர் அரசன் நம்பத்தக்க பணியாளனைத் தேர்ந்தெடுக்கும்போது, பழிக்கு அஞ்சும் நாணுடையவனா என்று பார்க்கச் சொல்கிறார். பெரியோர் பரந்த உலகைக் காட்டிலும் நாணையே தமக்கு வேலியாகக் கொள்வர் என்கிறார். தம் பழிக்கு மட்டுமன்றிப் பிறர் பழிக்கும் நாணுபவரே நாணுக்கு உறைவிடம் என்கிறார். அரசு அலுவலகங்களை நம்பி வடக்கே வந்த குடும்பங்களாகிய நமக்கு, பணியாளனின் தகுதிகளுள் ஒன்றாக நாண் எண்ணப்பட்ட செய்தி இனிக்க வேண்டும்.

மேடையில் பேச அஞ்சுவதை அவர் நாண் என்று சொல்லவே இல்லை. அதற்கு அவையஞ்சாமை என்று 73ஆம் அதிகாரத்தைத் தனியே வைத்தார். அவர் கணக்கில் அது அச்சம்; பழகினால் நீங்குவது. நாணோ நீங்கவே கூடாதது. முன்வரிசைப் பெரியவர் இவ்விரண்டையும் குழப்பிவிட்டார். அக்குழப்பத்திற்கு அவர் மட்டும் பொறுப்பல்லர்.

நாணுடைமையின் கடைசிக் குறளில் ஒரு சொல் விளையாட்டு இருக்கிறது. உள்ளத்தில் நாண் இல்லாதவர் நடமாடுவது, மரப்பாவையை நாணால், அதாவது கயிற்றால், ஆட்டி உயிருள்ளதுபோல் காட்டுவதை ஒக்கும் என்பது அதன் கருத்து. இரு நாணும் ஒரே சொல்லா என்று நம் வீட்டுச் சிறுமி மனப்பாடம் செய்யும்போதே கேட்டாள். நல்ல கேள்வி. கயிற்றைக் குறிக்கும் நாண் பழந்தமிழில் ஞாண் என்றும் வழங்கியது. குழந்தையின் இடுப்பில் கட்டும் அரைஞாண் கயிற்றில் இன்றும் அவ்வடிவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலையாளிகள் வில்லின் கயிற்றை ஞாண் என்றும் வெட்கத்தை நாணம் என்றும் இன்றளவும் பிரித்தே சொல்கின்றனர். ஆகவே அவை வேறு வேறு சொற்கள். தமிழில் ஒலியால் ஒன்றாகிப் புலவருக்கு விருந்தாயின. மலையாளத்தில் அவமானத்தை நாணக்கேடு என்பர். நாணத்தின் பழைய வலிமை அங்கே இன்னும் சாகவில்லை. நாணயம் என்பதையும் சிலர் நாணோடு முடிச்சுப் போடுவர். அது காசைக் குறிக்கும் நாணகம் என்னும் வடசொல்லின் வழிவந்ததென்பர். நாணயமானவர் என்றால் செல்லும் காசு போன்றவர்.

பிற்காலத் தமிழில் நடந்தது யாதெனில், நாண் தன் வீட்டின் பெரிய அறையை வெட்கத்திற்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சிறிய அறைக்குக் குடிபெயர்ந்ததுதான். வெட்கக்கேடு, வெட்கம் கெட்டவன், வெட்கித் தலைகுனிய வேண்டும் என்றெல்லாம் இன்று அறத்தின் சார்பாகப் பேசுவது வெட்கம். நாணமோ மணமேடையிலும் திரைப்பாட்டிலும் கால் விரலால் கோலமிட்டுக்கொண்டு நிற்கிறது. திருமணப் படம் பிடிப்பவர் மணமகளிடம், "கொஞ்சம் நாணப்படுங்கம்மா" என்று கேட்டதை நாமே கேட்டிருக்கிறோம். பாரதியார் தம் புதுமைப் பெண்ணைப் பாடியபோது நாணத்தையும் அச்சத்தையும் சேர்த்தே தூக்கியெறிந்தார். அவர் எறிந்தது சிறிய அறையில் இருந்த நாணத்தை. சேரலாதனின் நாணை அவர் எறியவில்லை. பெண்களைத் தலைநிமிர்ந்து நடக்கச் சொன்ன அவருக்கு, பழிக்கு நாணும் நெஞ்சம் பகையாயிருந்திருக்க முடியாது. ஆனால் சொல் ஒன்றாயிருந்ததால், இன்றைய இளம்பெண்கள் நாண் என்றாலே தங்களை அடக்க வந்த சொல் என எண்ணி விலகுகின்றனர். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. அச்சொல்லைக் கொண்டு அவர்களை அடக்கியவர்கள் நாம்.

இதுவரை சொன்னது நூல்களின் வரலாறு. புலம்பெயர்ந்த குடும்பங்களாகிய நம் வரலாறும் ஒன்று உண்டு. வடக்கே வந்த முதல் தலைமுறையினர் எல்லாரும், எந்த ஊரினராயினும், "மதராசி" என்ற ஒரே பெயரில் அடங்க வேண்டியிருந்தது. பேருந்தில் தாய்மொழியில் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளப் பழகினோம். பம்பாயில் 1966க்குப் பின் தென்னிந்தியர்க்கு எதிரான கிளர்ச்சி எழுந்த நாட்களில், அங்குள்ள நம்மவர்க்குக் குரலைத் தாழ்த்துவது எச்சரிக்கையாகவே ஆயிற்று. அதனைத் தயக்கம் எனலாம், அச்சம் எனலாம். நாண் என்று சொல்லலாகாது. தமிழ் பேசுதல் பழிச்செயல் அன்றே! இத்தயக்கம் நம் வீட்டுக் கூடத்துக்குள்ளும் புகுந்துவிட்டது என்பதே நம் கவலை. நம் குழந்தைகள் தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்கிறார்கள். மறுமொழி இந்தியில் வருகிறது. "தமிழில் சொல்லேன்" என்றால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அதற்குக் கூச்சம் என்று பெயரிட்டுவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கிறோம். கண் கூசினால் எந்த வெளிச்சம் என்று பார்ப்பவர்கள், நாக் கூசினால் எந்தச் சிரிப்பு என்று கேட்பதில்லை.

நம் சிறுமியின் செய்தியில் அந்தச் சிரிப்பு எங்கே நிகழ்ந்தது என்பதை அவ்விழாவுக்குப் பின்பே நாம் அறிந்தோம். முந்தைய கோடை விடுமுறையில் தஞ்சை மாவட்டத்துத் தாய்வழி ஊருக்குச் சென்றிருந்தாள். ஒருநாள் மாலை, தாய்மாமன் மிதிவண்டியைத் திண்ணையோரம் சாத்துவதைக் கண்டு உள்ளே ஓடி, "பாட்டி, மாமா வந்து போயிட்டார்!" என்று மகிழ்ச்சியோடு கூவினாள். இந்தியில் "ஆ கயே" என்பதை அப்படியே தமிழாக்கியிருக்கிறாள். 'கயே' போனதைக் குறிப்பதால் போய்விட்டார் என்று சேர்த்துக்கொண்டாள். ஒரு மொழியின் இலக்கணத்தை மற்றொன்றில் இவ்வளவு ஒழுங்காகப் பொருத்துவது மந்தமான மூளைக்கு இயலாது. ஆனால் கூடத்தில் இருந்தவர்களுக்கு அது வேடிக்கையாயிற்று. "வந்தவர் எங்கேடி போனார்?" என்று பாட்டி கேட்க, வீடே சிரித்தது. உரக்கச் சிரித்தவர் மாமாதான். அந்த விடுமுறை முழுவதும் வருவோர் போவோரிடமெல்லாம் அக்கதை சொல்லப்பட்டது. அதன்பின் அவள் ஊரில் தலையசைத்தே மறுமொழி சொன்னாள் என்பதை, "குழந்தை நல்ல அடக்கம்" என்று உறவினர்கள் பாராட்டியிருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு அந்த மாமா அலுவல் காரணமாகத் தில்லி வந்து நம்மோடு ஒரு வாரம் தங்கினார். அன்புள்ளம் கொண்டவர், தீய எண்ணம் அறியாதவர். ஒருநாள் பாயசத்துக்குச் சர்க்கரை தீர்ந்துவிட, சிறுமியை அழைத்துக்கொண்டு மூலைக்கடைக்குப் போனார். இந்தியில் கேட்டுப் பார்க்க ஆசை. நம் சக்கரையின் ஐகாரத்தை நீக்கிவிட்டால் இந்தியாகிவிடும் என்று எண்ணி, "ஏக் கிலோ சக்கர்" என்றார். ஷக்கர் என்றால் சர்க்கரை; சக்கர் என்றால் தலைசுற்றல். கடைக்காரர், தலைசுற்றல் கிலோக்கணக்கில் விற்பதில்லை ஐயா என்று சொல்ல, நின்றிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தனர். மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் விளங்கிற்று.

சிறுமி சிரிக்கவில்லை. அவள் முகம் சிவந்துபோயிற்று என்று மாமா பின்னர் நம்மிடம் கூறினார். கடைக்காரரிடம் இந்தியில் ஏதோ சொன்னாளாம். பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, மெல்லத் தமிழில், "சீனி என்று கேட்டால் போதும் மாமா. மதுரைப் பக்கத்தில் நாமும் அப்படித்தானே சொல்கிறோம்?" என்றாள்.

திரும்பி வரும் வழியில் இருவரும் சிறிது தூரம் பேசாமல் நடந்தனர்.

"அன்றைக்கு ஊரில் நான் சிரித்திருக்கக் கூடாது, அம்மாடி" என்றார் மாமா.

"எல்லாரும்தான் சிரித்தீர்கள்" என்றாள் அவள்.

"நான்தான் முதலில் சிரித்தேன்."

அதற்கு அவள் மறுமொழி சொல்லவில்லை. படியேறி வந்து கதவைத் தட்டினாள், நாம் திறந்ததும் உள்ளே பார்த்து, "அம்மா, மாமா வந்து போயிட்டார்!" என்று உரக்கக் கூவினாள். பழக்கத்தால் வந்ததா, குறும்பா என்று நம்மால் கண்டுகொள்ள முடியவில்லை. சர்க்கரைப் பையோடு பின்னால் நின்ற மாமா, "ஆமாம், ஆ கயா" என்றார்.